ஸ்டேஷன் பக்கத்து வீடு யாருக்கு?

(காட்கோபரில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ரயில்வே எழுத்தரான நம் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வீட்டுப் பிரச்சனை. வீடு என்றவுடன் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சொந்தமா, எத்தனை சதுர அடி?" என்பதுதான். நான் இன்று சொந்த வீட்டைப் பற்றிப் பேச வரவில்லை. வாடகை வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் யாரோ ஒருவருடைய கோலியில், அல்லது யாரோ ஒருவருடைய மாடி மாளாவில், மாதாமாதம் பாடா கொடுத்துக் குடியிருப்பவர்கள். ஆனால் எந்தத் தலைவர் மேடை ஏறினாலும் பேசுவது ஜோப்டாவின் சொந்தக்காரரைப் பற்றித்தான். வாடகைக்காரர் என்ற ஒரு பிராணி இந்த நகரத்தில் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். ஓட்டுக் கேட்க வரும்போது மட்டும் ஞாபகம் வருகிறது.

தோழர்களே, நம் காட்கோபர் இன்று பழைய காட்கோபர் இல்லை. 2014 ஜூன் 8 அன்று வெர்சோவா, அந்தேரி, காட்கோபர் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. 11.4 கிலோமீட்டர், 12 நிலையங்கள். வடாலாவிலிருந்து காட்கோபர், முலுண்ட் வழியாகத் தானேயின் காசர்வடவலி வரை இன்னொரு மெட்ரோ, சுமார் 32 கிலோமீட்டருக்குக் கட்டப்படுகிறது. தண்டவாளம் வரும் இடத்தில் நிலத்தின் விலையும் ஏறும், கோலியின் வாடகையும் ஏறும். இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைப் பார்த்துத்தான், "ஸ்டேஷனைச் சுற்றி உயரமாகக் கட்டுவோம், அதில் வாடகை வீடும் வைப்போம்" என்ற பேச்சு பல ஆண்டுகளாக அடிபடுகிறது. 2025 மே மாதம் மராட்டிய அமைச்சரவை ஒரு புதிய வீட்டுவசதிக் கொள்கையை ஏற்றது. 2030க்குள் 35 லட்சம் வீடு என்பது அதன் இலக்கு. வேலை செய்யும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, தொழிலாளிக்கு வாடகை வீடு என்பவையும் அதில் உண்டு. கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த வீடு யாருக்கு, யார் கையில் இருக்கும், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில், ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று ஏன் கேட்கிறோம்? டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சீசன் டிக்கெட் எடுக்க வரும் நம்மவர்கள் முன்பு குர்லாவுக்கும் சயானுக்கும் எடுத்தார்கள். பிறகு டோம்பிவலி, கல்யாண் என்றார்கள். இப்போது அம்பர்நாத், பத்லாபூர், டிட்வாலா என்கிறார்கள். வாடகை ஏற ஏற ஆள் நகர்ந்துகொண்டே போகிறான். வேலை மட்டும் நகரவில்லை. அது அந்தேரியிலும் பாந்திராவிலும் கோட்டையிலும் அப்படியே இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறது. 2025 ஜூன் 9 காலையில் மும்ப்ரா அருகே, எதிரெதிராகப் போன இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் உரசிக் கீழே விழுந்தார்களே, உயிர்கள் போயினவே, அது வெறும் ரயில் விபத்தா? நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவன் கட்டிய வரி அது.

வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம் உயிர்ப் பிரச்சனை என்பதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல வைத்தவர்களில் ஒருவர் தமிழர் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சேலத்துக்காரர், பெயர் அங்கமுத்து. நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையற்று 1961இல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு விரைவுச் சாலை நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கேன்வாசும் போட்ட ஒரு மறைப்புக்கு ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கினான். மனைவியும் மூன்று பெண்களும் அதில்தான். 1981 ஜூலையில் மழை கொட்டிக்கொண்டிருந்த நாளில் அதையும் இடித்து, அவர்களைச் சேலத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே வேலை இருந்தால் அவர் ஏன் இங்கே வந்திருக்கப் போகிறார்? திரும்பி வந்தார், மீண்டும் நடைபாதையிலேயே குடியேறினார்.

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றது கோர்ட். ஏழைகள் வேலைக்குப் பக்கத்தில் நடைபாதையில் கிடப்பது, போய்வரும் நேரமும் செலவும் தாங்காததால்தான் என்பதையும் ஒப்புக்கொண்டது. அதே கோர்ட்டு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. உரிமை காகிதத்தில் வந்தது, இடம் வரவில்லை. அந்த இடத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இடம் ஏன் கிடைக்கவில்லை? "எப்.எஸ்.ஐ. இல்லை, விதி இடம் கொடுக்கவில்லை" என்பார்கள். இந்த எப்.எஸ்.ஐ. பூதத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். ஒரு மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து எத்தனை சதுர அடி கட்டலாம் என்ற கணக்குத்தான் அது. மனை 1,000 சதுர அடி, எப்.எஸ்.ஐ. 1 என்றால், மொத்தம் 1,000 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 2,000. இந்த முறை 1964இல் பம்பாய்க்கு வந்தது. 1991 விதிகளில் தீவு நகரத்துக்கு 1.33, காட்கோபர் போன்ற புறநகருக்கு 1 என்று இருந்தது.

2018இல் வந்த விதிகளில் சாலையின் அகலத்தைப் பார்த்து அளந்தார்கள். புறநகரில் சாலை 9 மீட்டருக்குக் குறைவு என்றால் 1தான். சாலை 27 மீட்டருக்கு மேல் என்றால் 2.5 வரை போகலாம். ஆனால் அந்தக் கூடுதல் சும்மா வராது. கொஞ்சத்தை அரசுக்குப் பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். மீதியை டி.டி.ஆர். என்ற சீட்டாக, வேறிடத்தில் நிலத்தைப் பொதுவுக்குக் கொடுத்தவரிடமிருந்து வாங்க வேண்டும். அதற்கும் மேலே 35 சதவீதம் இன்னொரு கணக்கில், பணம் கட்டி வாங்கலாம். பணம் உள்ளவனுக்கு இந்த எல்லை ஒரு விலைப்பட்டியல் மாதிரி. வாடகைக்காரனுக்கு மட்டும் அது மதில் சுவர்.

2015இல் ஒரு நகர வளர்ச்சி வரைவுத் திட்டம் போட்டார்கள். ரயில் நிலையங்களைச் சுற்றி எப்.எஸ்.ஐ. 8 வரை போகலாம் என்றது அது. ஊரே எதிர்த்தது, அந்த ஏப்ரலிலேயே வரைவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. சாக்கடை தாங்குமா, தண்ணீர் வருமா, சாலை போதுமா என்று கேட்டார்கள். ஆனால் அந்த எட்டு மடங்கில் ஏழைக்கு வாடகை வீடு எத்தனை என்ற கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள்? அந்த நேரத்தில் நம் குரலும் உரக்க எழவில்லை.

நண்பர்களே, இந்த நகரமே ஒரு காலத்தில் வாடகை நகரம்தான். 1896இல் பிளேக் வந்து ஜனங்கள் செத்து விழுந்த பிறகு, 1898இல் வெள்ளைக்காரன் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்தான். 1920இல் வந்த பி.டி.டி. என்ற துறை ஒர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சேவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டிடம் கட்டியது. தரையும் மூன்று மாடியும், 160 சதுர அடியில் ஒரு அறை, பொதுக் கக்கூஸ். மில் தொழிலாளி வாடகைக்கு இருந்தான், மில்லுக்கு நடந்து போனான். சுதந்திரத்துக்குப் பிறகு வீட்டுவசதி வாரியம் விக்ரோலி கண்ணம்வார் நகர், டாகோர் நகர் போன்ற காலனிகளைத் தொழிலாளர்களுக்கென்று வாடகைக்குக் கட்டியது. பிற்பாடு அவையெல்லாம் சொந்த வீடாக மாறின. குடியிருந்தவருக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்து ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

தனியார் வாடகையும் அப்படித்தான். 1947 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவில் நிறுத்தி வைத்தது. உள்ளே இருந்தவனை அது காப்பாற்றியது. வீட்டுக்காரன் பழுதுபார்ப்பதை நிறுத்தினான், வாடகைக்கென்று கட்டுவதையும் நிறுத்தினான், பகடி வாங்க ஆரம்பித்தான். பிறகு பதினொரு மாத லைசென்ஸ் வந்தது. இன்று டெபாசிட், புரோக்கர் கமிஷன், பதினொன்றாம் மாதம் மூட்டை முடிச்சு. பள்ளிக்கூடப் பிள்ளை எத்தனை முறை பள்ளி மாறும்?

1995இல் அரசு புதிய வழி சொன்னது. 40 லட்சம் ஜோப்படிப்பட்டி மக்களுக்கு இலவச வீடு. பில்டருக்குக் கூடுதல் எப்.எஸ்.ஐ., அதில் விற்கும் கட்டிடம் அவருக்கு, ஏழைக்கு 225 சதுர அடி சும்மா. பிறகு அது 269 ஆயிற்று, பிறகு 300 ஆயிற்று. முப்பது ஆண்டாகியும் இலக்கில் பாதி தூரம்கூட வரவில்லை. வீடு கிடைத்தவர்கள் வாழட்டும். ஆனால் அந்தத் திட்டத்தின் வாசலில் ஒரு தேதி எழுதியிருந்தது. முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களானால் பணம் கட்ட வேண்டும். 2023இல் அதற்கு இரண்டரை லட்சம் என்று விலை வைத்தார்கள். மாளாவில் வாடகைக்கு இருப்பவனுக்கு எந்தத் தேதியும் உதவாது. கட்டிடம் எழும்பும்போது கீழே இருந்தவனுக்குச் சாவி, மேலே இருந்தவனுக்குச் சாலை.

வாடகைத் திட்டமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 2008இல் எம்.எம்.ஆர்.டி.ஏ. ஒரு வாடகை வீட்டுத் திட்டம் போட்டது. மும்பையைச் சுற்றியுள்ள ஊர்களில் எப்.எஸ்.ஐ. 4 வரை பில்டருக்குக் கொடுப்பது, கட்டுவதில் நாலில் ஒரு பங்கை வாடகை வீடாக அரசுக்கு அவர் ஒப்படைப்பது, மீதியை விற்றுக்கொள்வது. ஐந்து ஆண்டில் ஐந்து லட்சம் வீடு. வாடகை 800 முதல் 1,500 ரூபாய் என்றார்கள். வீட்டின் அளவு என்ன தெரியுமா? 160 சதுர அடி! 1920இல் வெள்ளைக்காரன் போட்ட அதே அளவுகோலை 2008இல் நம் சர்க்கார் மறுபடி எடுத்தது.

என்ன நடந்தது? கட்டியவர்கள் கட்டிய இடம் நிலம் மலிவான ஓரம். ஸ்டேஷனை ஒட்டிய இடம் அபூர்வம். நகராட்சிகள், "இத்தனை குடும்பத்துக்குத் தண்ணீரும் சாக்கடையும் யார் கொடுப்பது?" என்று கேட்டன. சில ஆயிரம் வீடுகளோடு திட்டம் சுருங்கியது. சில ஆண்டுகளிலேயே அதை மாற்றி, விற்பனை வீட்டுத் திட்டமாக ஆக்கிவிட்டார்கள். பன்வேல் பக்கம் கோன் கிராமத்தில் வாடகைக்கென்று கட்டியவற்றில் 2,417 வீடுகளை, இரண்டு அறையை ஒன்றாக்கி, 2016 டிசம்பரில் மில் தொழிலாளர்களுக்குக் குலுக்கலில் விற்றார்கள். மில் தொழிலாளிக்கு வீடு கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் தெருவில் நின்றவர்கள் அவர்கள். குலுக்கல் விழுந்த பிறகும் சாவிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நடுவில் 2020 கொரோனா காலத்தில் அந்தக் கட்டிடங்கள் தனிமை முகாம் ஆயின. வாடகை வீடு என்ற பேச்சு எங்கே போயிற்று? ஒருவன் பங்கை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்து, இருவரையும் வாழ்த்துப் பாடச் சொன்னார்கள்.

இப்போது தாராவிக்கு வருவோம். நம் தமிழ் ஜனங்கள் மூன்று தலைமுறையாக வாழும் தாராவி. சயான், மாகிம், மாட்டுங்கா என மூன்று ஸ்டேஷன்களுக்கு நடுவில் இருக்கும் இடம். அங்கே மறுநிர்மாணத் திட்டம் நடக்கிறது. அதில் முதன்முறையாக, மாளாவில் இருப்பவர்களையும் கணக்கில் எடுத்தார்கள். 2022 நவம்பர் 15 வரை மேல்தளத்தில் இருந்தவர்களுக்கு 300 சதுர அடி வாடகை வீடு, பிறகு தவணையில் வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு என்றார்கள். இது ஒரு முன்னேற்றம், ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகைக்காரனும் மனிதன் என்று சர்க்கார் காகிதத்தில் வந்துவிட்டது.

ஆனால் வீடு எங்கே? தாராவிக்கு வெளியே. 2024இல் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கத்து உப்பளங்களில் சுமார் 255 ஏக்கரை இதற்காக ஒதுக்க முடிவு செய்தார்கள். ஸ்டேஷன் நடுவில் இருக்கும் நிலம் விற்பனைக் கட்டிடத்துக்கு; வாடகைக்காரனுக்கு உப்பளம். காஞ்சூர்மார்க் நமக்கு இரண்டாவது ஸ்டேஷன்தான். ஆனால் தாராவி சந்தில் தோல் தைப்பவனுக்கும் முறுக்கு சுட்டு விற்கும் அம்மாவுக்கும் அது இன்னொரு ஊர்.

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று உப்பளமும் சதுப்பும் உறிஞ்சிய தண்ணீர் இல்லையென்றால் இன்னும் எத்தனை கோலி மூழ்கியிருக்கும்? உப்பளத்தில் கட்டக்கூடாது என்று வெகுகாலம் இருந்த தடை, நம்மைக் காப்பாற்றிய தடை. அதை ஏழையின் பெயரைச் சொல்லி உடைக்கிறார்கள். நாளை வெள்ளம் வந்தால் முதலில் மிதப்பதும் அந்த ஏழைதான்.

சென்னையிலும் இதே கதைதான். 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது கொள்கை. பிறகு 2000த்தை ஒட்டி கண்ணகி நகர், அதன்பின் பெரும்பாக்கம். நகரத்து நடுவிலிருந்து ஜனங்களைத் தூக்கி ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள், பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள். கட்டிடம் உயரமாக இருந்தது, வாழ்க்கைதான் சரிந்தது.

ஆகவே, எல்லா எல்லைகளையும் உடை என்று நாம் கோஷம் போடக்கூடாது. எந்த எல்லை நமக்கு வேலி, எந்த எல்லை நமக்குப் பூட்டு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்பது நமக்கு வேலி. ஏழைக்குக் கட்டும்போது அந்த இடைவெளியைத் தளர்த்திவிடுகிறார்கள். கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்டைப் போய்ப் பாருங்கள். ரயில் பாதைக்கும் சாலைக்கும் இடம் கொடுத்து எழுந்த குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர். கீழ்மாடிகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அங்கே காசநோய் அதிகமாக இருப்பதற்கும் வெளிச்சமும் காற்றும் வராததற்கும் தொடர்பு உண்டு என்று 2018இல் மருத்துவர்கள் செய்த ஆய்வு சொன்னது. இப்படிப்பட்ட உயரம் நமக்கு வேண்டாம்.

விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே உயரக் கட்டுப்பாடு உண்டு. நம் பகுதியில் பல இடங்கள் அதற்குள் வருகின்றன. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்ட ரயில்வேயின் தடையில்லாச் சான்று வேண்டும். இவையும் வேலிகளே. வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்று நம் காட்கோபருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2024 மே 13 அன்று சேடா நகர் பெட்ரோல் பங்க்கில் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் செத்தார்கள். 40 அடிக்கு 40 அடிதான் மாநகராட்சியின் வரம்பு. நின்றதோ சுமார் 120 அடிக்கு 120 அடி. 2017 ஜூலையில் சாய் சித்தி கட்டிடம், கீழ்த்தளத்தில் கண்டபடி மாற்றம் செய்ததால் இடிந்தது என்றார்கள். அதிலும் 17 உயிர். 2000 ஜூலையில் ஆசாத் நகரில் மலை சரிந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். அவர்கள் மலைச்சரிவில் ஆசைப்பட்டா வீடு கட்டினார்கள்? கீழே வாடகைக்கு இடமில்லை, மேலே ஏறினார்கள்.

அப்படியானால் பூட்டு எது? "ஸ்டேஷன் பக்கம் நெரிசல், வாடகைக் கட்டிடம் வந்தால் எங்கள் சொசைட்டியின் மதிப்புக் குறையும்" என்று சொல்லி விதியைக் காட்டுவது பூட்டு. நெரிசல் என்கிறார்களே, கார் நிறுத்த அடுக்கடுக்காக மாடி கட்டும்போது வராத நெரிசல், நடந்து ஸ்டேஷனுக்குப் போகும் தொழிலாளியால் வந்துவிடுமா? அவனுக்குக் கார் இல்லை. அவனால் சாலையில் ஒரு அடி இடமும் குறையாது. தண்ணீரும் சாக்கடையும் போதுமா என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதை நாமும் சேர்ந்தே கேட்போம். வாடகைக்காரன் வேண்டாம் என்றால் மட்டும் எதிர்த்து நிற்போம்.

உயரமான வாடகைக் கட்டிடம் நடக்காத காரியம் என்பார்கள். ஹாங்காங்கைப் பாருங்கள். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். அதன்பின் அரசாங்கமே வாடகைக் கட்டிடம் கட்ட ஆரம்பித்தது. இன்றும் அங்கே பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் அரசு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ரயில் பாதையை ஒட்டியே பல குடியிருப்புகள். அங்கும் குறைகள் உண்டு: அறை சிறிது, காத்திருக்கும் வரிசை நீளம். ஆனால் அரசு கட்டினால் நிற்கும், விற்காமல் வைத்தால் அடுத்தவனுக்கும் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

இனி நம் வாசலுக்கு வருகிறேன். கிழக்கு விரைவுச் சாலையை ஒட்டி ரமாபாய் அம்பேத்கர் நகரும் காமராஜ் நகரும் இருக்கின்றன. ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று போலீஸ் சுட்டு பத்துப் பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த இரண்டு நகர்களுக்கும் எம்.எம்.ஆர்.டி.ஏ.வும் குடிசை மறுவாழ்வு ஆணையமும் சேர்ந்து மறுநிர்மாணத் திட்டம் கொண்டுவந்திருக்கின்றன. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பெருந்தலைவர் காமராஜர் பெயரை வைத்த இடத்தில், தகுதி உள்ளவன் என்றும் தகுதி இல்லாதவன் என்றும் பட்டியல் போடுகிறார்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம் சங்கத்திலேயே இரண்டு வகை உறுப்பினர்கள் இருக்கிறோம். ஜோப்டா வைத்து அதில் மாளா போட்டு வாடகைக்கு விட்ட அண்ணாச்சியும் இருக்கிறார்; அந்த மாளாவில் பத்துப் பதினைந்து ஆண்டாகக் குடியிருக்கும் தம்பியும் இருக்கிறார். சர்வே வரும்போது, "நீ கொஞ்ச நாள் வேறு இடம் பார், பேப்பரில் உன் பெயர் வந்தால் எனக்குச் சிக்கல்" என்று அண்ணாச்சி சொல்கிறார். அவர் பயமும் புரிகிறது. முப்பது ஆண்டு உழைத்துக் கட்டிய கூரை அது. ஆனால் தம்பியின் பெயர் பட்டியலில் வந்தால் அண்ணாச்சியின் பங்கு குறையப் போவதில்லை. இருவருக்கும் கணக்கு வேறு. இருவரையும் மோத விட்டு, நடுவில் மிச்சமாகும் எப்.எஸ்.ஐ.யை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நம் மண்ணில் இதற்கு முன்னோடி இருக்கிறார். கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். மான்கூர்டு ஜனதா காலனியை 1976இல், அவசரநிலைக் காலத்தில், இடித்துச் சீத்தா கேம்ப்புக்குத் துரத்தினார்களே, அதில் போராடி எழுந்தவர். சேரி மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணித் தாங்களே பட்டியல் போட வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார். 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். அவர் காட்டிய அந்த எண்ணும் வேலையை நாம் வாடகைக்காரர்களுக்குச் செய்ய வேண்டும்.

ஆகவே இந்தக் கூட்டம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: ஸ்டேஷனிலிருந்தும் மெட்ரோவிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் யாருக்கு எப்.எஸ்.ஐ. கூட்டிக் கொடுத்தாலும், அந்தக் கூடுதலில் ஒரு பங்கு, அந்த இடத்திலேயே, வாடகை வீடாக வர வேண்டும். உப்பளத்திலோ பன்வேலிலோ காட்டக்கூடாது. ரயில் வந்ததால் ஏறிய விலை அது. அதில் ரயிலில் போகிறவனுக்குப் பங்கு உண்டு.

இரண்டு: அந்த வீடுகள் மாநகராட்சியின் கையிலோ மாடாவின் கையிலோ என்றென்றைக்கும் வாடகை வீடாகவே இருக்க வேண்டும். விற்கக்கூடாது, குலுக்கக்கூடாது. வாடகை சம்பளத்தைப் பார்த்து அமைய வேண்டும். குடும்பத்துக்கு 300 சதுர அடிக்குக் குறையக்கூடாது. தனியாக வந்து உழைக்கும் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டும்.

மூன்று: உயரம் எத்தனை ஆனாலும், காற்று, வெளிச்சம், இடைவெளி, தீ வழி, லிப்ட், தண்ணீர் ஆகியவற்றில் பணக்காரனுக்கு ஒரு விதி, ஏழைக்கு ஒரு தளர்வு என்பது கூடாது.

நான்கு: எந்த மறுநிர்மாணத்திலும் சர்வே எடுக்கும்போது வாடகைக்காரருக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

இதைக் கேட்க நமக்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. 1966ஆம் ஆண்டு நகரத் திட்டச் சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி, விதியில் மாற்றம் கொண்டுவந்தால் அறிவிப்பு வெளியிட்டு, ஒரு மாதம் ஆட்சேபணையும் யோசனையும் கேட்க வேண்டும். அந்த ஒரு மாதத்தைப் பில்டர் விடுவதில்லை, சொசைட்டிக்காரர் விடுவதில்லை. நாம் மட்டும் விட்டுவிடுகிறோம். மராத்தியில் எழுதக்கூடிய நம் இளைஞர்கள் ஐந்து பேர் முன்வந்தால், ஆயிரம் கையெழுத்தோடு மனுப் போடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. தாய்மார்கள் கவனிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு மராட்டிய வாடகைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும், அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்கிறது. பதிவு இல்லையென்றால், எதிராக நிரூபிக்கும் வரை வாடகைக்காரர் சொல்லும் நிபந்தனைதான் எடுபடும். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. தண்ணீரையும் விளக்கையும் வெட்டி வெளியேற்றுவது குற்றம். ரசீது, கேஸ் புத்தகம், பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, இவற்றில் இந்த விலாசம் எதில் இருந்தாலும் ஒரு பையில் போட்டு வையுங்கள். மழையில் நனையாத இடத்தில் வையுங்கள். நாளை சர்வே அதிகாரி வாசலில் நிற்கும்போது பேசுவது அந்தப் பைதான்.

வருகிற ஞாயிறு முதல் சங்கத் தோழர்கள் சந்து சந்தாக வருவார்கள். வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் பெயர், எத்தனை ஆண்டு, எங்கே வேலை, எந்த ஸ்டேஷனில் ஏறி எந்த ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், இவ்வளவுதான் கேட்பார்கள். அண்ணாச்சிமார்களே, கதவைத் திறந்து விடுங்கள். தம்பிமார்களே, பயப்படாமல் பெயர் கொடுங்கள். பட்டியலில் இல்லாதவனுக்காக யாரும் வாதாட முடியாது.